கணினியைப் பட்டுத் துணியால் துடைக்காதீர்கள்

(நமது டிரஸ்டின் கணினிப் பயிற்சி மையத்தில் ஞாயிற்றுக்கிழமை லுஹர் தொழுகைக்குப் பின் நடந்த கூட்டத்தில் செயலாளர் ஆற்றிய உரை. மாணவர்கள், பெற்றோர்கள், தறிக்கூடங்களில் டிசைன் வேலை பார்ப்பவர்கள் கலந்துகொண்டனர். வர இயலாதவர்கள் கேட்டுக்கொண்டதால் இங்கே தருகிறோம்.)





செயலாளர் எழுந்தால் வரவு செலவு வாசிப்பார், சந்தா பாக்கியை ஞாபகப்படுத்துவார் என்றுதான் நினைப்பீர்கள். இன்று அது இல்லை. சந்தா பாக்கி இருக்கத்தான் செய்கிறது. அதைப் பொருளாளர் வேறொரு நாள் சொல்வார். இன்று நான் பேச வந்தது கணினிக்குள் சேரும் தூசியைப் பற்றி. இதற்கு ஒரு கூட்டமா என்று யாராவது கேட்டால், நம் மையத்தில் நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன்பு ரமலானுக்குப் பத்து நாள் இருக்கும்போது, நம் மையத்தில் இருந்த ஆறு கணினிகளையும் சுத்தம் செய்து வைக்கும்படி பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்த ஒரு பையனிடம் சொன்னேன். சொன்னது நான்தான். "எல்லாம் பளபளவென்று இருக்கணும்ப்பா" என்றேன். எப்படிச் செய்ய வேண்டும் என்று சொல்லவில்லை. எனக்கே தெரியாது என்பதுதான் உண்மை. பையன் கெட்டிக்காரன், சொன்ன வேலையைத் தட்டமாட்டான். மெல்லிய பொருளை மெல்லிய துணியால்தான் துடைக்க வேண்டும் என்று அவனே யோசித்து, வீட்டிலிருந்து பட்டுத் துண்டுகளைக் கொண்டுவந்தான். அவன் அம்மா பட்டு நூல் தார் சுற்றும் வேலை செய்பவர். அவர்கள் வீட்டில் பட்டுத் துண்டுக்கா பஞ்சம்? பள்ளிவாசலில் கார்ப்பெட்டுக்கு வைத்திருக்கும் வாக்வம் கிளீனரையும் கேட்டு வாங்கிவந்தான். ஆறு பெட்டிகளையும் திறந்து, உள்ளே உறிஞ்சி எடுத்து, ஒவ்வொரு பலகையையும் பட்டால் துடைத்து, மாலைக்குள் மூடிவிட்டான். பார்க்க அவ்வளவு அழகாக இருந்தது. நானும் பாராட்டி அனுப்பினேன்.

மறுநாள் காலை நான்கு கணினிகள்தான் ஓடின. இரண்டு எழுந்திருக்கவே இல்லை.

அந்த இரண்டில் ஒன்றில்தான் சிறுபான்மையினர் கல்வி உதவித்தொகைக்கு விண்ணப்பிக்க நம்மிடம் வந்த பிள்ளைகளின் சான்றிதழ் ஸ்கேன்களை வைத்திருந்தோம். கடைசி நாளுக்கு ஒரு வாரம்கூட இல்லை. ஓடி ஓடிப் பிள்ளைகளை வரவழைத்து மறுபடி ஸ்கேன் செய்தோம். ஒரு மாணவியின் குடும்பம் மட்டும் வெளியூர் போயிருந்தது. அவளுடைய விண்ணப்பம் அந்த ஆண்டு போகவில்லை. வேலூரிலிருந்து மெக்கானிக் வந்து பார்த்தபோது தேதி முடிந்துவிட்டது. அவர் அந்தப் பெட்டியிலிருந்து ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி இன்னொரு கணினியில் மாட்டினார். ஐந்து நிமிடம்தான். எல்லா ஸ்கேன்களும் அப்படியே இருந்தன! கெட்டுப்போனது மதர்போர்டுதான், டிஸ்க் அல்ல. இது அன்றைக்கே எங்களுக்குத் தெரிந்திருந்தால் அந்தப் பெண்ணின் விண்ணப்பம் போயிருக்கும். நாங்கள் அவளுக்கு அந்த ஆண்டுக் கட்டணத்தை ஜகாத் நிதியிலிருந்து கொடுத்தோம். கொடுத்தோம் என்று பெருமையாகச் சொல்ல முடியாது. அது வேறொரு வீட்டுக்குப் போயிருக்க வேண்டிய பணம்.

அந்தக் கணினிகள் லில்லாஹ் நிதியில் வாங்கியவை. ஜகாத் பணத்தை ஏழையின் கையில் உரிமையாகக் கொடுத்துவிட வேண்டும், அதில் பொதுச் சொத்து வாங்கக் கூடாது என்ற சட்டம் உங்களுக்குத் தெரியும். அதனால் யாரோ ஒரு புண்ணியவான், தன் பெயரைச் சொல்ல வேண்டாம் என்று சொல்லித் தந்த பணத்தில் வாங்கினோம். அமானிதம். அதைப் பாழாக்கியது பையன் அல்ல, சொல்லிக்கொடுக்காமல் வேலை ஏவிய நான். பையனின் அம்மா தார் சுற்றும் கூலியிலிருந்து மாதாமாதம் கட்டிவிடுகிறேன் என்று வந்து நின்றார். வேண்டாம் என்று அனுப்பினோம். ஆனால் பையன் அதற்குப் பிறகு மையத்துக்கு வரவில்லை. இரண்டு தடவை வீட்டுக்கே போய்க் கூப்பிட்டேன். "வர்றேன் ஹஜ்ரத்" என்றான், வரவில்லை. அவன் யாரென்று இங்கே யாரும் தேட வேண்டாம்.

அதற்குப் பிறகுதான் நான் இதைப் பற்றிப் படிக்கவும், தெரிந்தவர்களிடம் கேட்கவும் ஆரம்பித்தேன். கேட்டதில் என்னை அதிகம் உறுத்தியது ஒன்று: அந்தப் பையன் செய்தது அலட்சியம் அல்ல, அக்கறை. அக்கறையோடு தவறான பொருளை எடுத்துவிட்டான். அந்தப் பொருளோ நம் ஊரின் பெயரோடு ஒட்டிக்கொண்டிருக்கிற பட்டு.

பள்ளிக்கூடத்தில் இயற்பியல் வாத்தியார் ஒரு கண்ணாடிக் கோலைப் பட்டுத் துணியால் தேய்த்து, கிழித்துப்போட்ட காகிதத் துணுக்குகளுக்குப் பக்கத்தில் கொண்டுபோவார், ஞாபகம் இருக்கிறதா? துணுக்குகள் துள்ளி ஒட்டிக்கொள்ளும். அதுதான் நிலை மின்சாரம். தேய்த்ததும் கண்ணாடியில் நேர் மின்னூட்டம், பட்டில் எதிர் மின்னூட்டம். உலகத்தில் எத்தனையோ துணி இருக்க, பாடப்புத்தகத்தில் ஏன் பட்டைப் போட்டார்கள்? பட்டில் அது நன்றாக வரும், வந்தது போகாமலும் நிற்கும்.

இதை முதலில் சரியாகப் புரிந்துகொண்டவர்களில் ஒருவர் ஸ்டீபன் கிரே என்ற ஆங்கிலேயர். கேன்டர்பரி ஊர்க்காரர், தொழில் சாயம் போடுவது. நம் ஊரில் சாயப்பட்டறை வைத்திருப்பவர்களுக்குச் சந்தோஷமாக இருக்கட்டும் என்று சொல்கிறேன். 1729இல் அவரும் அவருடைய நண்பர் ஒருவரும் சேர்ந்து ஒரு நீளமான சணல் கயிற்றின் வழியாக மின்சாரத்தை எவ்வளவு தூரம் கொண்டுபோகலாம் என்று பார்த்தார்கள். கயிற்றைத் தொங்கவிட மெல்லிய பட்டு நூல்களைக் கட்டினார்கள். நூறு அடி, இருநூறு அடி என்று மின்சாரம் போய்க்கொண்டே இருந்தது. ஒருமுறை பாரம் தாங்காமல் பட்டு நூல் அறுந்துவிட்டது. மெல்லியதாகவும் இருக்க வேண்டும், அறுந்துபோகவும் கூடாது என்று பட்டுக்குப் பதிலாகப் பித்தளைக் கம்பியைக் கட்டினார்கள். கம்பி அறுந்துபோகவில்லை. ஆனால் மின்சாரம் மறுமுனைக்கு வரவே இல்லை. கம்பி வழியாக எல்லாம் கசிந்து போய்விட்டது. அப்போதுதான், நூல் மெல்லியதா தடித்ததா என்பதல்ல, எதனால் ஆனது என்பதுதான் விஷயம் என்று விளங்கியது. பித்தளை மின்சாரத்தைக் கடத்தும். பட்டு கடத்தாது, தன்னிடம் வந்ததை விடாது. லண்டன் ராயல் சொசைட்டி 1731இல் முதன்முதலாகக் கொடுத்த காப்லி பதக்கம் இந்தச் சாயக்காரருக்குத்தான் போனது.

சரி, அதற்கும் நம் கணினிக்கும் என்ன சம்பந்தம்? பட்டால் தேய்க்கிறோம், மின்னூட்டம் உண்டாகிறது. பட்டு அதைக் கசியவிடாது. சேர்ந்து சேர்ந்து ஒரு கட்டத்தில் ஏதாவது ஒரு சிப்பின் காலில் பாய்ந்துவிடுகிறது. நம் உடம்பும் அப்படித்தான். பாலியஸ்டர் சட்டையோடு பிளாஸ்டிக் நாற்காலியிலிருந்து எழுந்தால் நம் உடம்பிலும் மின்னூட்டம் ஏறியிருக்கும். கதவுக் கைப்பிடியைத் தொட்டதும் 'சுர்'ரென்று ஓர் உதை வாங்கியிருப்பீர்கள். அப்படி நாம் உணர வேண்டுமானால் சுமார் 3,000 வோல்ட்டாவது இருக்க வேண்டும் என்கிறார்கள். பயந்துவிடாதீர்கள். வோல்ட் பெரிதானாலும் அளவு மிகக் குறைவு. மாடியிலிருந்து விழும் ஒரு சொட்டுத் தண்ணீர் மாதிரி, நம்மை ஒன்றும் செய்யாது. ஆனால் கணினிச் சிப்புகளில் சில 100 வோல்ட்டுக்கும் குறைவிலேயே கெட்டுவிடும். அதாவது நமக்கு ஒன்றுமே தெரியாமல், ஒரு பொறிகூடப் பறக்காமல், உள்ளே இருப்பது செத்திருக்கும்.

ஏன் அவ்வளவு பலவீனம்? ஒரு பட்டுக்கூட்டிலிருந்து எடுக்கும் ஒற்றை இழை சுமார் 10 மைக்ரான் கனம். கண்ணுக்குத் தெரிவதே சிரமம். சிப்புக்குள் மின்சாரத்தைத் தடுத்து நிறுத்தும் படலம் அந்த இழையில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவான கனம்தான். அதில் ஓட்டை விழ எவ்வளவு வேண்டும்? சில நேரம் முழு ஓட்டை விழாது, அரை ஓட்டை விழும். இன்று ஓடும். ஒரு மாதம் கழித்துக் காரணமே இல்லாமல் நின்றுபோகும். "போன மாதம்தானே சுத்தம் செய்தோம், ஏன் கெட்டது?" என்று நாம் கேட்போம். நம் மையத்து இரண்டு கணினிகளும் எதனால் போயின என்று வந்த மெக்கானிக்கால் சத்தியம் செய்து சொல்ல முடியவில்லை. பட்டாக இருக்கலாம், வாக்வம் கிளீனரின் பிளாஸ்டிக் குழாயாக இருக்கலாம். காற்றும் தூசியும் வேகமாக உரசிப்போகும்போது அந்தக் குழாயிலும் இதே மின்னூட்டம் ஏறும். இரண்டையும் இனி உள்ளே விடாதீர்கள் என்றார். விடவில்லை.

"அப்படியானால் தொடாமலே விட்டுவிடலாமே" என்று பின்னால் உட்கார்ந்திருக்கும் ஒருவர் நினைப்பது இங்கே கேட்கிறது. விட முடியாது. காரணம் நம் ஊர்த் தூசி.

நம் ஊரில் இரண்டு தொழில் பிரதானம், பட்டும் அரிசியும். தறியிலிருந்து பஞ்சு மாதிரி நுண்ணிழை பறக்கும். ரைஸ் மில்லிலிருந்து உமியும் தவிட்டுத் தூளும் பறக்கும். தவிட்டில் எண்ணெய் இருப்பது உங்களுக்குத் தெரியும், தவிட்டெண்ணெய் எடுக்கிறோமே. இழை வலை பின்னும், எண்ணெய்த் தவிடு அதில் அப்பிக்கொள்ளும். அதன்மேல் வீட்டுத் தாளிப்புப் புகை, கொசுவர்த்திப் புகை, வெள்ளிக்கிழமை சாம்பிராணி. சேவூர், ஒண்ணுபுரம், தேவிகாபுரம் பக்கம் தறி வீட்டுக்குள்ளேயே டிசைன் கணினி வைத்திருக்கிறார்களே, அங்கே ஒரு பெட்டியைத் திறந்து பார்த்தேன். பிராசசர் மேலே இருக்கும் அலுமினியத் தகடுகளுக்கு நடுவே சாம்பல் நிறத்தில் கம்பளி மாதிரி ஒரு திண்டு. கையால் உரித்து எடுக்கலாம்.

அந்தத் தகடுகள் எதற்கு? பிராசசர் வேலை செய்யும்போது கொதிக்கும். தகடுகள் சூட்டை வாங்கி ஃபேன் காற்றில் விடும். நடுவே கம்பளி போர்த்திவிட்டால் சூடு எங்கே போகும்? 90, 100 டிகிரிக்குப் போனதும் பிராசசர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். "கம்ப்யூட்டர் ஸ்லோவாயிடுச்சு, புதுசு வாங்கணும்" என்று வருபவர்களில் பலருக்குத் தேவை புதுக் கணினி அல்ல, ஒரு பெயிண்ட் பிரஷ். அதையும் மீறிச் சூடானால் திடீரென்று அணைந்துவிடும். முந்தானை டிசைன் பாதியில் போய்விடும்.

தறி வீட்டுக்காரர்களுக்கு இன்னொன்று. சரிகைத் துண்டு! நல்ல சரிகை என்பது பட்டு இழை மேல் வெள்ளித் தகடு சுற்றித் தங்கமுலாம் போட்டது. வெள்ளியை விட நன்றாக மின்சாரம் கடத்தும் உலோகம் கிடையாது. ஓர் அங்குலச் சரிகைத் துணுக்கு காற்றுத் துவாரம் வழியாக உள்ளே போய் மதர்போர்டில் இரண்டு காலுக்கு நடுவே படுத்துவிட்டால் ஷார்ட் ஆகிவிடும். ஆகவே தறிக்குப் பக்கத்தில் வைக்கிற கணினியைத் தரையில் வைக்காதீர்கள், ஒரு முழமாவது உயர்த்தி வையுங்கள். தரையில்தான் இழையும் சரிகையும் புரளும்.

இந்த இடத்தில் ஒரு வார்த்தை. கணினி என்னவோ அமெரிக்காவிலிருந்து வந்த புதுப்பொருள், நமக்கும் அதற்கும் என்ன என்று பெரியவர்கள் சிலர் சொல்வதுண்டு. பிரான்ஸ் தேசத்து லியோன், நம் ஊரைப் போலப் பட்டு நெசவு ஊர். 1804இல் ஜோசப் மரி ஜக்கார்டு என்பவர் அங்கே துளை போட்ட அட்டைகளால் தறியை ஓட்டினார். நம் தறிமேல் உட்கார்ந்திருக்கும் ஜக்கார்டு பெட்டி அவர் பெயரில்தான். அந்த அட்டையைப் பார்த்துத்தான் சார்லஸ் பாபேஜ் தன் கணக்கு இயந்திரத்துக்கு அட்டைகளை யோசித்தார். சுமார் 24,000 அட்டைகளை வைத்துப் பட்டில் நெய்த ஜக்கார்டின் உருவப்படம் ஒன்று பாபேஜ் வீட்டில் இருந்தது. ஆக, கணினி நம் தறிக்குப் பேரன் முறை. வீட்டுக்கு வந்த பேரனைத்தான் நாம் தூசியில் உட்கார வைத்திருக்கிறோம்.

இனி செய்முறை. அஸருக்குப் பிறகு கையால் செய்து காட்டப்போகிறோம், அதனால் முக்கியமானதை மட்டும் சொல்கிறேன்.

முதலில் கணினியை முறையாக அணைத்து, பிளக்கைச் சுவரிலிருந்து பிடுங்கிவிடுங்கள். சுவிட்சை மட்டும் அணைத்தால் போதாது. பிளக்கைப் பிடுங்கிய பிறகு பவர் பட்டனை ஒரு பத்து விநாடி அழுத்திப் பிடியுங்கள், உள்ளே மிச்சம் இருக்கும் மின்சாரம் வடியும். பிறகு எந்த ஒயர் எங்கே இருந்தது என்று செல்போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். இதைச் செய்யாமல் கழற்றிவிட்டு மூன்று மணிநேரம் தேடியவன் நான்.

பெட்டியைத் திண்ணைக்கோ மாடிக்கோ கொண்டுபோங்கள். மூக்கில் துணி கட்டிக்கொள்ளுங்கள், நெஞ்சுச் சளி, இளைப்பு உள்ளவர்கள் இந்த வேலைக்கு வர வேண்டாம். பருத்தி உடை உடுத்துங்கள். நைலான் பாயில் உட்காராதீர்கள். வெறுங்காலோடு சிமெண்ட் தரையில் நிற்பது நல்லது. உள்ளே கை வைக்கும் முன் பெட்டியின் பெயிண்ட் இல்லாத இரும்புப் பகுதியை ஒருதரம் தொடுங்கள். வேலை நடுவிலும் அடிக்கடி தொடுங்கள். நம் உடம்பும் பெட்டியும் ஒரே நிலைக்கு வந்துவிட்டால் இடையில் பாய எதுவும் இருக்காது. பிளக்கைச் சுவரில் விட்டு வைத்தால் எர்த் கிடைக்கும், அதுதான் நல்லது என்று சிலர் சொல்வார்கள். நம் ஊர் வீடுகளில் எர்த் கம்பி இருக்கிறதா, இருந்தால் பூமி வரை போகிறதா என்பதை அல்லாஹ்தான் அறிவான். அந்த யோசனை நமக்கு வேண்டாம். மணிக்கட்டில் மாட்டும் ஆன்டி ஸ்டேட்டிக் பட்டை கடைகளில் கிடைக்கிறது, மையத்துக்கு இரண்டு வாங்கியிருக்கிறோம். அதன் ஒயரில் ஒரு மெகா ஓம் தடை இருக்கும். வெறும் கம்பியைக் கையில் கட்டிக்கொண்டு அதுவும் இதுவும் ஒன்றுதான் என்று நினைக்காதீர்கள். தவறி மின்சாரம் வந்தால் அந்தத் தடைதான் உயிரைக் காக்கும்.

தூசி எடுக்க, முடி மென்மையான ஓர் அங்குலப் பெயிண்ட் பிரஷ், புதியது. நைலான் முடி வேண்டாம், மிருக முடியில் செய்ததாகப் பார்த்து வாங்குங்கள். கேமராக்காரர்கள் லென்ஸில் ஊதும் ரப்பர் பந்து ஒன்று. இந்த இரண்டும் இருந்தால் வீட்டு வேலைக்குப் போதும். பிரஷால் தூசியைக் கிளப்பி, பந்தால் வெளியே ஊத வேண்டும். வாயால் ஊதாதீர்கள், எச்சில் தெறிக்கும். ஃபேனைச் சுத்தம் செய்யும்போது இறக்கையை ஒரு விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். காற்று அடித்து அது விர்ரென்று சுற்றுவதைப் பார்க்கப் பிள்ளைகளுக்கு ஆசையாக இருக்கும். அது அளந்து வைத்த வேகத்துக்கு மேலே சுற்றினால் பேரிங் போய்விடும்.

பஞ்சர் கடைக் கம்ப்ரசர் காற்றை அடித்தால் ஒரே நிமிடத்தில் சுத்தமாகிவிடும் என்று ரைஸ் மில் பக்கத்துச் சகோதரர் ஒருவர் சொன்னார். சுத்தமாகும்தான். லாரி டயருக்கு அடிக்கும் காற்று அது, சின்னச் சின்ன உறுப்புகளைப் பெயர்த்துவிடும். போதாக்குறைக்கு அந்தத் தொட்டியில் தண்ணீரும் எண்ணெயும் தேங்கியிருக்கும், காற்றோடு அதுவும் சேர்ந்து தெறிக்கும். ஏர் ப்ளோயர் வைத்திருக்கும் கடைக்காரர்கள் குறைந்த வேகத்தில், தள்ளிப் பிடித்து அடிக்கட்டும். பழகாத கைக்கு ரப்பர் பந்துதான் நல்லது.

பவர் சப்ளை, எஸ்எம்பிஎஸ் என்பார்கள், பின்பக்கம் மேலேயோ கீழேயோ இருக்கும் இரும்புப் பெட்டி. இதைத் திறக்காதீர்கள். வீட்டுக்கு வரும் 230 வோல்ட் அதற்குள் போய் 320 வோல்ட்டுக்கு மேலான நேர் மின்சாரமாகக் கெப்பாசிட்டரில் தேங்கும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அது கொஞ்ச நேரம் இருக்கும். நிலை மின்சாரம் நம்மை ஒன்றும் செய்யாது என்றேனே, இது அப்படி அல்ல, இது ஆளைக் கொல்லும். வெளியே இருந்து துவாரத்தில் பிரஷ் போட்டு ஊதுவதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

ராம் பலகையின் தங்கநிறக் காலில் கறை படிந்தால் கணினி எழுந்திருக்காது, பீப் பீப் என்று கத்தும். ஓரத்தைப் பிடித்து எடுத்து, வெள்ளை ரப்பரால் மெதுவாகத் துடைத்து, துகளைத் தட்டிவிட்டு மாட்டினால் பல சமயம் சரியாகிவிடும். ஒட்டிய பிசுக்குக்கு ஐசோபுரொப்பைல் ஆல்கஹால், 99 சதவீதம் என்று போட்டிருப்பது. கடையில் ஐபிஏ என்று கேளுங்கள். காட்டன் பட்ஸில் இரண்டு சொட்டு போதும், நன்றாகக் காய்ந்த பிறகுதான் மின்சாரம். பக்கத்தில் நெருப்பு கூடாது. சானிடைசர் அதே ஆல்கஹால்தானே என்று அதைப் போடாதீர்கள், அதில் கிளிசரின் சேர்த்திருப்பார்கள், பிசுக்கு இன்னும் கூடும்.

ஆல்கஹால் என்றதும் இரண்டு பேர் என் முகத்தைப் பார்த்தீர்கள். நானும் மதரஸாவில் ஓதியவன்தான், கேள்வி புரிகிறது. இது குடிக்கும் மது அல்ல, குடித்தால் விஷம். இது போன்ற ரசாயனத்தை வெளி உபயோகத்துக்குப் பயன்படுத்தலாம் என்பதே பல உலமாக்களின் கருத்து. மனம் ஒப்பாதவர்கள் தங்கள் ஆலிமிடம் கேட்டுத் தெளிவு பெறுங்கள், அதுவரை வெறும் ரப்பரோடு வேலையை முடித்துக்கொள்ளுங்கள்.

ஹீட் சிங்க்கை, அந்த அலுமினியத் தகட்டை, அனாவசியமாகக் கழற்றாதீர்கள். கழற்றினால் அதற்கும் பிராசசருக்கும் நடுவே இருக்கும் பேஸ்ட்டைத் துடைத்துவிட்டுப் புதிதாக வைத்தாக வேண்டும். ஓரிரு அரிசி மணி அளவு, அதற்கு மேல் வேண்டாம். பழைய பேஸ்ட்டோடு அப்படியே திருப்பி மாட்டினால், கழற்றாமல் இருந்ததை விட அதிகம் சூடாகும்.

ஸ்கிரீனுக்கு ஜன்னல் கண்ணாடி துடைக்கும் திரவம் கூடாது. மைக்ரோ ஃபைபர் துணியை லேசாக ஈரமாக்கி, பிழிந்து, துணியால் துடையுங்கள். ஸ்கிரீன் மேல் நேராகத் தெளித்தால் தண்ணீர் கீழ் விளிம்பு வழியாக உள்ளே இறங்கும். கீ போர்டைக் கவிழ்த்துத் தட்டினாலே பாதி மிக்சர் வெளியே வந்துவிடும்.

தாய்மார்களுக்கு ஒரு வேண்டுகோள். பூ வேலை செய்த அழகான உறை தைத்துக் கணினிக்குப் போர்த்துகிறீர்கள். அணைத்து, சூடு ஆறிய பிறகு போர்த்துங்கள். ஓடும்போது போர்த்தினால் அதுவும் கம்பளிதான்.

மடிக்கணினி பற்றி. 2011 செப்டம்பர் 15ஆம் தேதி தமிழக அரசு விலையில்லா மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கியது. அப்போது பிளஸ் டூ படித்த பிள்ளைகளுக்கு இன்று கல்யாணமாகிக் குழந்தை இருக்கிறது. ஆனால் அந்த மடிக்கணினிகள் நம் தெருக்களில் பல வீடுகளில் பரண்மேல் இன்னும் இருக்கின்றன. "ஓடலை" என்று எடைக்குப் போடக் கேட்கிறார்கள். போடாதீர்கள், கொண்டுவாருங்கள். பார்ப்போம். பேட்டரி உப்பி, அடித்தட்டு வளைந்திருந்தால் மட்டும் சார்ஜ் போடாதீர்கள், அழுத்தாதீர்கள், அப்படியே தனியாக வைத்துவிட்டு எங்களுக்குச் சொல்லுங்கள். மடிக்கணினியை நீங்களாகத் திறக்க வேண்டாம். உள்ளே கிளிப்புகளும் நூல் போன்ற ஒயர்களும் இருக்கும், இழுத்தால் அறுந்துவிடும். பக்கத்துத் துவாரத்தில் பிரஷும் பந்தும் போடுங்கள், அது போதும். மெத்தை மேல் வைத்து ஓட்டாதீர்கள், அடித் துவாரம் மூடிக்கொள்ளும்.

எத்தனை நாளைக்கு ஒருமுறை? தறி வீடு, மில் பக்கம் என்றால் இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை. மற்ற வீடுகளில் ஆறு மாதம். தினமும் செய்யும் வேலை இல்லை இது. அடிக்கடி திறப்பதும் ஆபத்துதான்.

எதைத் தொடுவதற்கு முன்னாலும் கோப்புகளைப் பென் டிரைவிலோ வேறிடத்திலோ ஒரு பிரதி எடுத்துவிடுங்கள். பிரதி எடுக்காமல் கணினி செத்துவிட்டால் பதறாதீர்கள். பெரும்பாலும் டிஸ்க் உயிரோடு இருக்கும். கடைசித் தேதி நெருங்கும் விண்ணப்பம் எதுவும் அதில் இருந்தால் இரவு பன்னிரண்டு மணியானாலும் எனக்குப் போன் செய்யுங்கள். இப்போது மையத்தில் டிஸ்க் மாட்டிப் பார்க்கும் கருவி இருக்கிறது. மையத்தின் ஸ்கேன்கள் இப்போது இரண்டு இடத்தில் இருக்கின்றன, ஒன்று பொருளாளர் வீட்டு பீரோவில்.

அஸர் தொழுகைக்குப் பிறகு ஐந்து பேர் ஐந்து பேராக உட்காருவோம். சகோதரிகளுக்கு மேல்தளத்தில், நம் மையத்தில் படித்த ஆசிரியை செய்து காட்டுவார். அன்றைக்குச் செத்துப்போன அந்த மதர்போர்டையே மேசையில் வைத்திருக்கிறேன், அதில் பயமில்லாமல் கை வைத்துப் பழகலாம். முதல் குழுவில் ஒரு நாற்காலி காலியாக இருக்கும், அதில் யாரும் உட்கார வேண்டாம். அந்தப் பையனுக்கு நேற்று மறுபடி சொல்லி அனுப்பியிருக்கிறேன்.

பிரஷ் கொண்டுவராதவர்களுக்கு இங்கே இருபது இருக்கிறது, முப்பது ரூபாய். ஸ்க்ரூ டிரைவரில் உங்கள் பெயர் எழுதி ஒட்டிக்கொள்ளுங்கள், போன தடவை மூன்று காணாமல் போயின.